‘அப்பா எழுதி வைச்சிட்டார்’: இறந்தவரின் மரண சாசனத்தை யார் பார்க்கலாம்?

கிளிவெட்டியில் அந்த அக்காவின் வளவுக்குள் ஒரு காலை நில அளவையாளர் ஒருவர் வந்து நின்றார். கூட வந்தவர் கையில் அற்றோணித் தத்துவப் பத்திரம் ஒன்று இருந்தது. லண்டனில் இருக்கும் அண்ணன் அனுப்பியது. காணியை விற்கப் போகிறார்கள், அதற்கு முன் அளக்க வேண்டும் என்றார்கள். அக்கா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். “அப்பா எல்லாத்தையும் மரண சாசனத்தில தனக்குத்தான் எழுதி வைச்சவர் எண்டு அண்ணா சொல்றார். எழுதின கடதாசிய நான் ஒருநாளும் கண்ணால காணேல்ல தம்பி” என்று என்னிடம் சொன்னார்.

நான் அங்கே போனது வேறொரு விடயம் எழுத. திருகோணமலையிலிருந்து கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் போய், மூதூர் தாண்டி இறங்கினேன். மீள்குடியேறியவர்களின் காணிப் பத்திரங்கள் பற்றிக் கேட்டுக்கொண்டு திரிந்தபோதுதான் இவரைச் சந்தித்தேன். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: “அந்தக் கடதாசிய நான் பார்க்கலாமா? ஆரிட்டப் போய்க் கேக்கிறது?” எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அடுத்த சில மாதங்கள் எடுத்தன. இந்தக் கட்டுரை அதில் தெரிந்துகொண்டவை. அவருடைய அனுமதியோடு அவரது கதையையும் சேர்த்திருக்கிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

குடும்பத்தின் கதை நம்மில் பலருக்குப் பழக்கமானது. 2006 ஓகஸ்டில் மூதூர்ப் பக்கம் சண்டை தொடங்கியபோது உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள். வெருகல் தாண்டி வாகரை, அங்கிருந்து மட்டக்களப்பு. தகப்பன் 2007இல் மட்டக்களப்பில் இறந்தார். தாய் அதற்கு முன்பே, 2001இல், கிளிவெட்டியிலேயே காலமாகிவிட்டார். அண்ணன் தொண்ணூறுகளிலேயே நாட்டை விட்டுப் போனவர். திரும்பி வந்து கூரை போட்டு, பற்றை வெட்டி, வயலைச் செய்து காணியைக் காத்தவர் அக்கா. வீட்டு வளவு அரை ஏக்கர், வயல் இரண்டரை ஏக்கர். உறுதிகள், பெர்மிட், அடையாள அட்டை எல்லாம் இருந்த தகரப் பெட்டி 2006இல் வீட்டோடு போய்விட்டது.

இந்த நிலையில் ‘மரண சாசனம் இருக்கிறது’ என்ற ஒரு வசனம் ஒருவரை வீட்டைவிட்டு எழுப்பப் போதுமானதாக இருக்கிறது. ஊரில் சிலர் அதை மரணசாதனம் என்பார்கள், சிலர் உயில் என்பார்கள், சட்டப் பத்திரங்களில் இறுதி விருப்பாவணம் என்று வரும். எல்லாம் ஒன்றுதான்.

உயிரோடு இருக்கும்வரை

ஒருவர் உயிரோடு இருக்கும்வரை அவரது மரண சாசனம் அவருடைய சொந்த விடயம். பிள்ளைகள் உட்பட வேறு எவருக்கும் அதைப் பார்க்கும் உரிமை கிடையாது. அவர் அதைக் கிழிக்கலாம், மாற்றலாம், புதிதாக எழுதலாம். இதில் நியாயம் இருக்கிறது. வயதான ஒருவர் யாருக்கு என்ன எழுதினார் என்பது வீட்டில் தெரிந்தால் அவருக்குச் சோறு போடுவது யார் என்பதே மாறிவிடும்.

இலங்கைச் சட்டத்தில் மரண சாசனம் இரண்டு விதமாக எழுதப்படலாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் இதற்கு அடிப்படை. ஒன்று, பிரசித்த நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடுவது. மற்றது, நொத்தாரிசு இல்லாமல் குறைந்தது ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் கூடியிருக்கக் கையொப்பமிடுவது. இரண்டாவது முறை நம் பக்கத்துக் கிராமங்களில் அவசரத்துக்குக் கைகொடுத்த ஒன்று. பாதை மூடிக்கிடந்த காலத்தில், நொத்தாரிசைத் தேடித் திருகோணமலைக்குப் போக முடியாத வேளையில், கொப்பித் தாளில் எழுதி ஐந்து பேர் ஒப்பமிட்டால் அதுவும் சட்டப்படி மரண சாசனம்தான்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். காணி உறுதி ஒன்றை நொத்தாரிசு முடித்தால் அதன் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளருக்கு அனுப்பியாக வேண்டும். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் அதே விதி மரண சாசனங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. அதாவது உங்கள் வீடு எரிந்து உறுதி சாம்பலானாலும் காணிப் பதிவகத்தில் ஒரு பிரதி இருக்க வாய்ப்புண்டு. மரண சாசனத்துக்கு அந்தக் காப்பு இல்லை. நொத்தாரிசின் கோவையில் இருக்கும் பிரதிதான் ஒரே துணை. நொத்தாரிசு இறந்தாலோ தொழிலை விட்டாலோ அவரது கோவைகள் காணிப் பதிவாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். யுத்தத்துக்குள் இறந்த, இடம்பெயர்ந்த, வெளிநாடு போன நொத்தாரிசுமாரின் கோவைகளுக்கு என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். ஐந்து சாட்சிகளோடு வீட்டில் எழுதிய சாசனமென்றால் அந்தத் துணையும் இல்லை. எழுதிய தாள் ஒன்றுதான்.

இறந்த பிறகு

மரணத்தோடு நிலைமை மாறுகிறது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 516ஆம் பிரிவு நேரடியாகப் பேசுகிறது. ஒருவர் மரண சாசனம் எழுதிவைத்து இறந்தால், அதைக் கையில் வைத்திருப்பவரோ பின்னர் கண்டெடுப்பவரோ அதை இயன்ற விரைவில் மாவட்ட நீதிமன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டும். எந்த மாவட்டம்? அதை வைத்திருப்பவர் வசிக்கும் மாவட்டம், அல்லது எழுதியவர் இறந்த மாவட்டம். இறப்பு எங்கே எப்போது நடந்தது, என்ன சொத்து இருக்கிறது என்பதைச் சத்தியக் கூற்றிலும் சொல்ல வேண்டும். சமர்ப்பிக்கப்பட்ட சாசனம் இலக்கமிடப்பட்டு நீதிமன்றப் பதிவறையில் வைக்கப்படும்.

அக்காவுக்கு இதைச் சொன்னபோது அவர் உடனே பிடித்துக்கொண்டார். “அப்ப அண்ணா அத அலுமாரிக்குள்ள வைச்சிருக்கேலாது?”

ஏலாது. வைத்திருக்கும் ஆளுக்கு அது சொத்தல்ல, பொறுப்பு. கெட்ட எண்ணத்தோடு மரண சாசனத்தை ஒளிப்பதும் அழிப்பதும் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றங்கள். ஒளிப்பவர் பெரும்பாலும் சாசனத்தில் தனக்கு ஒன்றும் எழுதப்படாதவராகத்தான் இருப்பார் என்று நாம் நினைப்பதுண்டு. நான் பேசிய சட்டத்தரணி ஒருவர் மறுபக்கத்தைச் சொன்னார். தனக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்பவரும் சாசனத்தை வெளியில் விடாமல் வைத்திருப்பார். வெளியில் வந்தால் அதில் உள்ள ஓட்டைகளும் வெளியில் வரும் என்ற பயம்.

சமர்ப்பித்த பின் மரணசாதன வழக்கு தொடங்கும். சாசனத்தில் நிறைவேற்றுநராகப் பெயரிடப்பட்டவர் மனுச் செய்வார். பத்திரிகையில் அறிவித்தல் வரும். ஞாயிறு பத்திரிகையின் உள்பக்கங்களில் ‘இறந்தவரின் ஆதனம் பற்றிய விடயம்’ என்று சின்ன எழுத்தில் வருபவை அவைதான். நாம் யாரும் வாசிப்பதில்லை. அந்த வேளையில் உரித்துள்ள எவரும் கேவியட் எனப்படும் ஆட்சேப அறிவித்தலைப் பதிந்து வழக்குக்குள் வரலாம். எதிர்ப்பில்லை என்றாலோ எதிர்ப்பு விசாரித்துத் தீர்க்கப்பட்டாலோ நீதிமன்றம் ‘புரோபேட்’ என்ற அத்தாட்சியை வழங்கும். சாசனம் இல்லாதவரின் சொத்துக்கு வழங்கப்படுவது நிர்வாகக் கடிதம்.

வழக்கேடு நீதிமன்றத்தின் பதிவு. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் நீதிமன்றங்களின் பதிவுகள் பகிரங்க ஆவணங்கள். பார்வையிட உரித்துள்ளவர் கட்டணம் செலுத்தி உறுதிப்படுத்திய பிரதி பெறலாம். வழக்கின் தரப்பாக இருப்பவருக்கு இதில் பிரச்சினை வராது. தரப்பல்லாத மகளோ பேரனோ சட்டத்தரணி ஊடாக நகர்த்தல் பத்திரம் ஒன்று போட்டு, தனக்கு என்ன அக்கறை என்பதைச் சொல்லிக் கேட்பது வழமை. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

ஆகவே அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு வரி: ‘வழக்கு இலக்கம் என்ன?’ மரண சாசனம் இருக்கிறது என்று யார் சொன்னாலும் இதைக் கேளுங்கள். இலக்கம் இருந்தால் சாசனத்தைப் பார்க்க ஒரு கதவு இருக்கிறது. இலக்கம் இல்லையென்றால் அந்தச் சாசனம் இன்னும் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்கப்படாத சாசனத்தைக் காட்டி ஒருவரை எழுப்ப முடியாது. விவரம் தெரிந்த எந்த வாங்குநரும் அதை நம்பிக் காசு கொடுக்கவும் மாட்டார். அற்றோணித் தத்துவம் இந்த ஓட்டையை அடைக்காது. தனக்குச் சட்டப்படி இல்லாத உரித்தை ஒருவர் அற்றோணிக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

தேடிய கதை

தேடல் சொல்வதுபோல் லேசாக இருக்கவில்லை. நாடு முழுவதற்கும் பொதுவான மரண சாசனப் பட்டியல் நம்மிடம் இல்லை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றமும் தன்னுடைய மரணசாதன வழக்குப் பதிவேட்டை வைத்திருக்கிறது. இறந்தவரின் பெயரும் இறந்த ஆண்டும் தெரிந்தால் தேடலாம், ஆனால் எந்த நீதிமன்றத்தில் தேடுவது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிளிவெட்டியில் இருப்பவர் திருகோணமலையில் தேடிவிட்டு இல்லை என்று நிம்மதியாகத் திரும்பிவிடலாம். தகப்பன் இறந்தது மட்டக்களப்பில். 516ஆம் பிரிவின்படி அங்கேயும் சமர்ப்பிக்கலாம். முகாமிலும் ஆஸ்பத்திரியிலும் உறவினர் வீட்டிலும் இறந்த நம் பெரியவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய பத்திரங்கள் அவர்கள் வாழ்ந்த ஊரில் இருக்குமென்று எந்த உத்தரவாதமும் இல்லை.

அக்கா முதலில் போன அலுவலகத்தில் “பழைய விசயம், இப்ப எடுக்கேலாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எது என்று நான் சொல்லப் போவதில்லை. இரண்டாம் முறை எழுத்தில் கொடுத்தபோது எடுத்துப் பார்த்தார்கள். வாயால் கேட்பதற்கும் எழுத்தில் கேட்டு ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் என் தொழிலில் பலமுறை கண்டிருக்கிறேன். திருகோணமலையில் வழக்கில்லை. மட்டக்களப்பிலும் இல்லை. அதாவது, தகப்பன் இறந்து இத்தனை வருடமாக அந்தச் சாசனம் எந்த நீதிமன்றப் படியையும் மிதிக்கவில்லை.

மட்டக்களப்புக்குப் போன அன்று தகப்பனின் மரணச் சான்றிதழின் புதிய பிரதியையும் எடுத்தோம். இது எல்லோருக்கும் அவ்வளவு சுலபமல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மரண சாசனம் திறப்பதற்கு முதலில் ஒரு மரணம் வேண்டும், சட்டம் ஏற்கும் மரணம். காணாமலாக்கப்பட்டவர் எழுதிவைத்த சாசனத்துக்கு என்ன நடக்கும்? 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மோதல்களின்போது காணாமற்போய் ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாதவரின் மரணத்தைப் பதியலாம். பதிந்தால் சாசனம் திறக்கும், ஆனால் பதிவதென்றால் ‘இறந்துவிட்டார்’ என்று ஒரு தாய் தன் கையால் ஒப்பமிட வேண்டும். வீதியோரத்தில் படத்தோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களில் பலர் அதைச் செய்யமாட்டார்கள். 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் வந்தது. சில கருமங்களை அதைக் கொண்டு செய்துகொள்ளலாம், ஆனால் அது மரணச் சான்றிதழ் அல்ல. அதைக் காட்டி மரண சாசனத்தை நிறைவேற்ற முடியாது. அந்த வீடுகளில் பெட்டிக்குள் இருக்கும் சாசனம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இதற்குச் சட்டத்தில் நல்ல பதில் ஒன்றை நான் காணவில்லை.

மற்ற இடங்களில்

நம் உறவினர்கள் பாதிப்பேர் வெளியில் இருப்பதால் அங்கத்தைய நடைமுறையையும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புரோபேட் வழங்கப்பட்டதும் உயில் பகிரங்கமாகிவிடுகிறது. 1858 முதல் இன்றுவரையான உயில்களை எவரும் பெயர் கொடுத்து இணையத்தில் தேடி, கட்டணம் செலுத்திப் பிரதி எடுக்கலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை, காரணமும் கேட்கமாட்டார்கள். லண்டனில் இறந்த சித்தப்பா ஊர்க்காணியை யாருக்கு எழுதினார் என்பதை கிளிவெட்டியில் இருந்துகொண்டு கைத்தொலைபேசியில் தேட முடியும், கிளிவெட்டியில் இறந்தவருடையதைத் தேட முடியாது. விதிவிலக்கு அரச குடும்பம். 2021இல் இறந்த இளவரசர் பிலிப்பின் உயிலை 90 வருடங்களுக்கு மூடிவைக்கும்படி அதே ஆண்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023இன் இறுதியில் அங்கத்தைய நீதி அமைச்சு, பழைய உயில்களை இலத்திரனியல் பிரதியெடுத்துவிட்டு, புகழ்பெற்றவர்களுடையதைத் தவிர மற்றவர்களின் மூலத்தாள்களை 25 வருடங்களின் பின் அழிக்கலாம் என்றொரு யோசனையை முன்வைத்தபோது வரலாற்றாசிரியர்கள் கொதித்துப்போனார்கள். எரிந்த நூலகத்தை நினைவில் வைத்திருக்கும் நமக்கு அந்தக் கோபம் விளங்கும்.

கனடாவில் நடந்த ஒரு வழக்கு இதைவிட முக்கியமானது. 2017 டிசம்பரில் ரொரன்ரோவில் கோடீசுவரத் தம்பதியான பரி ஷேர்மனும் ஹனி ஷேர்மனும் தங்கள் வீட்டில் கொலையுண்டு கிடந்தார்கள். கொலையாளி பிடிபடாத நிலையில், சொத்துரிமை பெறுவோரின் அந்தரங்கத்துக்கும் உயிருக்கும் ஆபத்து என்று சொல்லி அவர்களுடைய புரோபேட் கோவைகளை மூடிவைக்க உத்தரவு பெறப்பட்டது. ரொரன்ரோ ஸ்டார் பத்திரிகையாளர் கெவின் டொனவன் அதை எதிர்த்துப் போனார். 2021 ஜூனில் கனடிய உச்ச நீதிமன்றம் ஏகமனதாகக் கோவைகளைத் திறக்கும்படி தீர்ப்பளித்தது. சங்கடமும் அசௌகரியமும் போதாது, ஒருவரின் கண்ணியத்துக்கே பாரதூரமான ஆபத்து இருப்பதைக் காட்டினால்தான் நீதிமன்றக் கோவையை மூடலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எங்கோ இருக்கும் பணக்காரரின் வழக்கென்று தள்ளிவிட வேண்டாம். ஸ்காபரோவில் இறந்த ஒருவரின் புரோபேட் கோவையைத் தேடுபவருக்கும் அதே நியாயம்தான் கதவைத் திறக்கிறது.

தமிழ்நாட்டில் முகாம்களிலும் வெளியிலும் வாழ்ந்து இறந்த நம்மவர்களின் குடும்பங்களுக்கு இன்னொரு செய்தி. இந்தியாவில் உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தால் அது மூன்றாம் புத்தகத்தில் ஏறும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி எழுதியவர் உயிரோடிருக்கும்வரை பிரதி அவருக்கும் அவரது முகவருக்கும் மட்டும். அவர் இறந்த பிறகு விண்ணப்பிக்கும் எவருக்கும் கொடுக்கலாம். வாழும்வரை மூடி, இறந்தபின் திறக்கும் இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படுகிறது.

இறந்தவரின் அந்தரங்கம் என்ற வாதத்தை நான் லேசாக எடுக்கவில்லை. ஊரில் ஒரு சாசனம் திறந்தால் அதோடு இரண்டாம் தாரமும் வரலாம், கடனும் வரலாம், பேசாமல் விட்ட பிள்ளையும் வரலாம். ஆனால் மரண சாசனம் ஒரு விசித்திரமான பத்திரம். அதன் முதன்மைச் சாட்சியைக் கூண்டில் ஏற்ற முடியாது, எழுதியவர் இறந்த பிறகுதான் அது பேசத் தொடங்குகிறது. ஒப்பம் அவருடையதுதானா, சுயபுத்தியோடு போட்டாரா, சாட்சிகள் உண்மையிலேயே அங்கே இருந்தார்களா என்பதைச் சோதிக்க, பாதிக்கப்படுபவர்கள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வேறு வழியில்லை.

கடைசியில் வந்த தாள்

வழக்கு இலக்கம் கேட்டு அக்கா லண்டனுக்கு அனுப்பிய செய்திக்கு மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு ஒரு நாள் வட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. கொப்பித் தாள், இரண்டு பக்கம். 2005ஆம் ஆண்டுத் திகதி. ஐந்து சாட்சிகள். அக்கா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். “ஒப்பம் அப்பாவினதுதான்” என்றார். பிறகு சாட்சிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மூன்று பேர் இப்போது இல்லை. ஒருவர் எங்கே என்று தெரியாது. ஐந்தாமவர் பக்கத்து ஊரில் இருக்கிறார், காது கேட்காது.

சாசனத்தில் வயலும் வளவும் மகனுக்கு என்று எழுதியிருந்தது. மகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதை வாசித்துவிட்டு அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். தேத்தண்ணி வரக் கனநேரம் ஆனது.

ஆனால் அந்தத் தாளைக் கண்ணால் கண்டதும் வேறு விடயங்கள் தெரிய வந்தன. வயல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டில் கிடைத்த அரச காணி. 1935ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் கீழ் வழங்கிய காணியை மரண சாசனத்தால் யாருக்கும் கொடுக்க முடியாது. பின்னுரித்தாளரை நியமிப்பதற்கு அதற்கென்று ஒரு முறை இருக்கிறது, அது பிரதேச செயலகத்தோடு போகும் விடயம். நம் பக்கத்தில் குடியேற்றத் திட்ட வயல்கள் பல இப்படியானவை. மரண சாசனத்தில் வயலை எழுதிவைத்திருக்கிறேன் என்று நம்பியிருக்கும் பெரியவர்கள் தங்கள் பெர்மிட்டை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. நியமனம் இல்லாதபோது ஆண்பிள்ளைக்கு முதலிடம் கொடுத்த பழைய வரிசையை 2022இல் வந்த திருத்தம் மாற்றியது. 2007இல் நடந்த மரணத்துக்கு எது பொருந்தும் என்பதைப் பிரதேச செயலகமும் தேவைப்பட்டால் நீதிமன்றமும்தான் சொல்ல வேண்டும். பெர்மிட் பதிவேட்டில் நியமனம் ஏதும் இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அக்கா விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். 2016ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள், தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவையாவது சொல்லியாக வேண்டும்.

வளவின் கதை இன்னும் சுவையானது. அது தகப்பனுடையதே அல்ல, தாயின் சீதனம். எழுபதுகளில் எழுதிய சீதன உறுதி. மூலம் தகரப் பெட்டியோடு போய்விட்டது, ஆனால் மேலே சொன்னேனே, உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். தேடுவதற்குக் கட்டணம் கட்டி, ஊரின் பெயரையும் தாயின் பெயரையும் கொடுத்து, உறுதிப்படுத்திய பிரதியை எடுத்தோம். பழைய நொத்தாரிசின் கையெழுத்து, அம்மாவின் பெயர், எல்லைகள் எல்லாம் தெளிவாக இருந்தன.

தாய் 2001இல் சாசனம் எழுதாமல் இறந்தவர். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி கணவருக்குப் பாதி, மற்றப் பாதி இரு பிள்ளைகளுக்கும் சமமாக. அதாவது தகப்பன் எழுதிவைக்கக் கூடியதாக இருந்தது வளவில் பாதி மட்டுமே. சாசனம் முழுக்கச் செல்லுபடியானாலும் அக்காவுக்குக் காற்பங்கு உண்டு. செல்லாவிட்டால் பாதிப் பங்கு. எப்படிப் பார்த்தாலும் அவர் அந்தக் காணியின் கூட்டு உரித்தாளர். அவரை எழுப்பிவிட்டு முழு வளவையும் விற்க எவராலும் முடியாது. வேண்டுமென்றால் பாகப் பிரிவினை வழக்குப் போட்டுப் பிரிக்கலாம். (யாழ்ப்பாண வாசகர்களுக்கு: தேசவழமை பொருந்தும் குடும்பங்களில் கணக்கு வேறு. இந்தப் பங்குகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

தகப்பன் ஏன் தன்னுடையதல்லாததையும் எழுதினார் என்று அக்காவிடம் கேட்டேன். “அவருக்கு அம்மான்ர காணி வேற தன்ர காணி வேற எண்டு இருக்கேல்ல. அந்தக் காலத்தில அண்ணா காசு அனுப்பிக்கொண்டிருந்தவர். அத நினைச்சிருப்பார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அண்ணனோடும் ஒருமுறை தொலைபேசியில் பேசினேன். தான் யாரையும் நடுத்தெருவில் விட நினைக்கவில்லை, அப்பாவின் கடைசி விருப்பத்தை நிறைவேற்றுவது மகனின் கடமை என்றார். நீதிமன்றத்தில் ஏன் சமர்ப்பிக்கவில்லை என்று கேட்டதற்கு, சமர்ப்பிக்க வேண்டும் என்று யாரும் தனக்குச் சொல்லவில்லை என்றார். அதை நான் நம்புகிறேன். எனக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவர் இப்போது அக்காவுக்காகப் பேசுகிறார். மூலத்தாளை லண்டனிலிருந்து வரவழைத்து நீதிமன்றத்தில் சமர்ப்பிக்கச் சொல்லி அண்ணனுக்குக் கடிதம் போயிருக்கிறது. சமர்ப்பித்தால் ஆட்சேபம் பதிவதா, காற்பங்கோடு சமாதானமாகப் போவதா என்பதை அக்கா இன்னும் முடிவெடுக்கவில்லை. காது கேட்காத ஐந்தாவது சாட்சியைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறார். பெரியவர் தாளின் படத்தை வாங்கிக் கனநேரம் பார்த்துவிட்டு, தன் ஒப்பத்தின் மேல் விரலை வைத்து, “இது நான்” என்றாராம். நில அளவையாளர் அடித்துவிட்டுப் போன இரண்டு முளைகள் வளவின் கிழக்கு மூலையில் இன்னும் நிற்கின்றன. அக்கா அவற்றைப் பிடுங்கவில்லை. வழக்கு முடியும்வரை நிற்கட்டும் என்கிறார்.